வரத்துக் குழாய் பாக்கி

ஆர்லிஸ் குபியாக்குக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. இதைச் சொன்னவன் அவள் கணவன் டுவேன். இருபத்திரண்டு வருடமாக அவளோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவன் சொன்னால் நம்பத்தான் வேண்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் உள்ளங்கை சுவரைத் தடவும், கண் தரையில் சூட்டுக்காற்று வரும் மூடியைத் தேடும். அவளுடைய அத்தையைச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தபோது எல்லாரும் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் மெழுகுவத்திச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்தாள். உடனே சவப்பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "இங்க காத்துக் குழாய் பிஞ்சிருக்கு" என்று நாத்தனார் காதில் கிசுகிசுத்தாள். நாத்தனார் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

அவள் தொழில் அப்படி. மில்வாக்கியின் தென்பகுதியில் நூறு வயதைத் தொட்ட வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நிலவறை, நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ், அதன் தலையிலிருந்து நாலா பக்கமும் ஓடும் தகரக் குழாய்கள். சூடான காற்று ஒரு வகைக் குழாயில் அறைகளுக்குப் போகும். ஆறிய காற்று இன்னொரு வகைக் குழாயில் ஃபர்னஸுக்குத் திரும்பி வரும். போக்கு, வரத்து என்று தொழிலில் பிரித்துச் சொல்வார்கள். எந்தக் காலத்திலோ அடித்த ஆணி தளர்ந்து, ஒட்டிய டேப் காய்ந்து உதிர்ந்து, மூட்டுக்கு மூட்டு வாய் பிளந்திருக்கும். வீட்டுக்காரர் மேலே கம்பளிக்குள் நடுங்குவார். அவர் காசில் எரிந்த சூடு கீழே உருளைக்கிழங்கு மூட்டைக்கும் சிலந்திக்கும் சுகமாகப் போய்ச் சேரும். சிலந்திகள் ஆர்லிஸுக்கு ஃபோன் செய்யப் போவதில்லை, வீட்டுக்காரர் செய்வார். ஒரு வாளி சாம்பல் நிறப் பசையும் பட்டையான தூரிகையும் எடுத்துக்கொண்டு அவள் வந்து நிற்பாள்.

பத்தொன்பது வயதில் தகரப் பட்டறையில் சேர்ந்தவள். முப்பது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். முதல் வாரமே அவள் சாப்பாட்டு டப்பாவை மூடியோடு சேர்த்துப் பற்றவைத்து வைத்தார்கள். அவள் வெட்டுக் கத்தரியால் டப்பாவைப் பிளந்து, உள்ளே இருந்த ரொட்டியை அவர்கள் கண் முன்னாலேயே மென்று தின்றாள். பட்டறை மூடியதும் ஒரு முதலாளியிடம் குழாய் அடைக்கும் வேலைக்குப் போனாள். அங்கே நடந்த ஒன்றுதான் அவளைத் தனியாகத் தொழில் நடத்த வைத்தது.

அந்த முதலாளிக்கு அவசரம் அதிகம். ஒரு வீட்டில் போக்குக் குழாயை மட்டும் அடைத்துவிட்டு, வரத்தின் ஓட்டைகளை அப்படியே விட்டுவிட்டார். வரத்துக் குழாய்க்குக் காற்றை இழுப்பதுதான் வேலை. ஓட்டை வழியே நிலவறைக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முன்பு போக்குக் குழாயின் ஓட்டைகள் அந்தக் காற்றைத் திருப்பி நிலவறைக்குள் கக்கிக்கொண்டிருந்தன, கணக்கு சரியாயிருந்தது. அவற்றை அடைத்த பிறகு உறிஞ்சுவது மட்டும் மிச்சம். காற்றுக்குப் பஞ்சம் வந்த நிலவறை, பக்கத்தில் நிற்கும் எரிவாயு வெந்நீர்த் தொட்டியின் புகைபோக்கி வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மேலே போகவேண்டிய புகை கீழே இறங்கும். அதிலுள்ள விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, ஆளைத் தூங்கவைத்தே கொல்லும். அந்த வீட்டில் நான்கு பேர் இரண்டு நாள் வாந்தி எடுத்தார்கள். முதலாளி தோளைக் குலுக்கிக்கொண்டு, "யாரும் சாகலையே" என்றார். ஆர்லிஸ் அன்று சாயங்காலமே சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அதன் பிறகு பதினோரு வருடம், அவள் வைத்தது இரண்டே சட்டம். முதலில் வரத்து, பிறகுதான் போக்கு. வேலை முடிந்ததும் ஃபர்னஸை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வெந்நீர்த் தொட்டியின் தலையில் உள்ள தகரத் தொப்பிக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியைக் கிழிக்க வேண்டும். புகை மேலே ஏறினால் நல்லது. சுடர் வெளியே சாய்ந்தால், ஃபர்னஸை நிறுத்தாமல் அந்த வீட்டைவிட்டுப் போகக்கூடாது.

மார்ச் மாதம், தவக்கால வெள்ளிக்கிழமை. அன்று அவளுக்கு இரண்டு வீடு. காலையில் ஒன்று, மதியத்துக்குமேல் ஓர்வில் டெட்ஸ்லாஃப் வீடு.

ஓர்வில் முப்பத்தொரு வருடம் பியர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஆறு வருடமாகிறது. நிலவறையின் கிழக்குச் சுவர் முழுக்க அலமாரி அடித்து, அதில் காலி பியர் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார். ஆயிரத்து நூற்று நாற்பது டப்பா. மூடிப்போன கம்பெனிகள், கைமாறிப்போன கம்பெனிகள், ஒரே ஒரு கோடைக்கு மட்டும் வந்த டப்பாக்கள், எல்லாம் வருட வரிசையில் இருந்தன. வரத்துக் குழாயின் பெரிய வாய் சரியாக அந்த அலமாரிக்குப் பின்னால்தான் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள். கை நுழையும் ஓட்டை ஒன்று, அதற்குமேல் இன்னும் இரண்டு.

"ஓர்வில், இந்த அலமாரிய நகர்த்தணும்."

"நகர்த்தறதா? ஏம்மா, இது என்ன சோபாவா? ஒவ்வொண்ணையும் ஃபோட்டோ புடிச்சு, நம்பர் எழுதித்தான் இறக்குவேன். வரிசை கலைஞ்சா என் ஆயுசுல திரும்ப அடுக்க முடியாது."

"காலி டப்பாதானே!"

"உனக்கு டப்பா. நீ பூசற கஞ்சியப் பார்த்து நான் ஏதாவது சொன்னேனா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணி இரண்டு. ஐந்து மணிக்குத் தேவாலயக் கூடத்தில் மீன் விருந்து. டுவேன் வரிசையில் இடம் பிடித்து நிற்பான், தாமதமாகப் போனால் உருளைக்கிழங்கு அடை தீர்ந்துபோகும். இன்றைக்குப் போக்கை முடித்துவிட்டு வரத்தைத் திங்களன்று வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நினைத்த உடனேயே உள்ளே ஏதோ முனகியது. கடைசியில்தான் குச்சி கிழித்துப் பார்க்கப்போகிறோமே, தப்பாக இருந்தால் தெரிந்துவிடும் என்று அந்த முனகலின் வாயை அடைத்தாள்.

"திங்கக்கிழமை காலைல வருவேன். அதுக்குள்ள டப்பா எல்லாம் கீழ இறங்கியிருக்கணும். சாக்கு சொல்லக்கூடாது."

"இன்னிக்கே ஆரம்பிச்சுடறேன் போ" என்றார் ஓர்வில்.

ஐந்தாவது நிமிடம் வாளியைத் திறந்தாள். நாலரைக்குக் கடைசி மூட்டில் பசை பூசி, ஃபர்னஸைப் போட்டாள். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஓர்வில் குரல் கொடுத்தார், காப்பி ஆறுகிறதாம். சாமான்களைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். வழியில் சுவரில் இருந்த விஷவாயு எச்சரிக்கை மணியின் மூடி தொங்கியது, உள்ளே பேட்டரி இல்லை.

"இது என்ன, வாயப் பொளந்துகிட்டு நிக்குது?"

"கீச்கீச்சுன்னு ஒரே தொல்லை. பேட்டரிய டிவி ரிமோட்டுக்குப் போட்டுட்டேன். திங்கக்கிழமைக்குள்ள வாங்கிப் போடறேன்."

அவரும் எல்லாவற்றையும் திங்களுக்குத்தான் வைத்திருந்தார்.

கூடத்தில் முந்நூறு பேர் சத்தம். பொரித்த மீன் வாடை, பியர் குவளைகள், பாதிரியார் மேசை மேசையாக வந்து நலம் விசாரிக்கிறார். டுவேன் இரண்டு தட்டு நிறைய வாங்கி வைத்திருந்தான். ஆர்லிஸ் உட்கார்ந்தாள். எழுந்தாள். நாப்கின் எடுத்து வந்தாள். மறுபடி எழுந்து மேசையில் ஏற்கெனவே இருந்த உப்பைப் போய் எடுத்து வந்தாள்.

"அம்மா தாயே, ஒரு மீனையாவது உட்கார்ந்து தின்னு" என்றான் டுவேன். "செத்த மீன்தான், ஓடிடாது."

"ஏதோ விட்டுட்டு வந்த மாதிரியே இருக்கு."

"தூரிகையா?"

"தூரிகை வண்டில இருக்கு."

"அடுப்பா?"

"சும்மா இரேன்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு அடையைப் பிய்த்தான். அவளுக்கோ தலைக்குள் வண்டு குடைந்தது. குச்சி கிழித்தோமா? கிழித்தோம். நன்றாக நினைவிருக்கிறது. நுனி பற்றிக்கொண்டது, ஊதி அணைத்தோம், புகை நூலாக மேலே ஏறியது, "நல்லது" என்று வாய்விட்டே சொன்னோம். அப்புறம் என்ன? முள்கரண்டியை எடுத்தாள், வைத்தாள். பதினோரு வருடமாக ஒரே காரியத்தை ஒரே மாதிரி செய்கிறவளுக்கு ஒரு நாளின் குச்சி இன்னொரு நாளின் குச்சியோடு கலந்துபோவது பெரிய விஷயமில்லை. இது அவளுக்கும் தெரியும், அதுதான் அவளைத் தின்றது.

கண்ணை மூடிக்கொண்டாள். குச்சி. புகை. அதற்குப் பின்னால் தொட்டி. தொட்டி எப்படி இருந்தது? வெள்ளை. அதன் வயிற்றில் ஏதோ பளபளத்தது. குழந்தைகள் ஒட்டிய நட்சத்திரங்கள், நீலமும் மஞ்சளுமாக ஏழெட்டு.

ஓர்வில் வீட்டில் குழந்தை ஏது!

அது காலை வீடு. ஓர்வில் வீட்டில் அவள் குச்சியே கிழிக்கவில்லை. காப்பி குடிக்கப் படியேறிவிட்டாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்ட?" என்று டுவேன் கேட்டான்.

அவள் ஓர்வில் வீட்டுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். ஃபோன் அவர் சமையலறைச் சுவரில் இருக்கிறது. அவர் எங்கே இருக்கிறார்? இன்றைக்கே டப்பாக்களை இறக்க ஆரம்பிப்பதாகச் சொன்னாரே. சொன்னது யார் பேச்சைக் கேட்டு? வீட்டில் இருக்கக்கூடாத ஒரே இடத்தில் அந்த மனிதரை அவள் வாயாலேயே உட்கார வைத்துவிட்டு, இங்கே மீன் தின்ன வந்திருக்கிறாள்.

வண்டியை அவள்தான் ஓட்டினாள். டுவேன் பக்கத்தில், கையில் மூடாத பியரோடு.

"தீயணைப்புக்கு ஃபோன் பண்ணு, ஆர்லிஸ்."

"ஒண்ணுமே இல்லைன்னா? தப்பா கூப்பிட்டேன்னு தெருவே பேசும். இனிமே எவன் வேலை குடுப்பான்?"

"அவர் ஃபோன எடுக்கல."

"காதும் கொஞ்சம் மந்தம். பக்கத்துல வந்துட்டோம், நாலே நிமிஷம்."

ஒரு சிவப்பு விளக்கில் நின்றார்கள். எதிரே வண்டியே இல்லை, விளக்கு மட்டும் மாறாமல் நின்றது. ஆர்லிஸ் ஸ்டியரிங்கைக் குத்தினாள். டுவேன் அவளிடம் ஒன்றும் கேட்காமல் தன் ஃபோனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினான். அவள் தடுக்கவில்லை. தன் பேரைக் காப்பாற்ற அவள் வீணாக்கியது ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்காக அவள் பின்னால் தன்னைத்தானே திட்டிக்கொண்டதைப்போல வேறு யாரும் அவளைத் திட்டியதில்லை.

ஓர்வில் வீட்டு ஜன்னல்களின் உட்புறம் வியர்த்திருந்தது. தெருவிலிருந்தே அதைப் பார்த்தவளுக்குப் புரிந்துவிட்டது. புகையின் ஈரம் அது. பின்கதவைப் பூட்டவில்லை. இடுப்பில் மாட்டியிருந்த விஷவாயுக் கருவி வாசலைத் தாண்டும்போதே கத்த ஆரம்பித்தது. நிலவறைப் படியின் தலையில் இருந்த சிவப்பு ஸ்விட்ச்சைத் தட்டி ஃபர்னஸை அணைத்தாள்.

"ஜன்னல் எல்லாத்தையும் தொற! முன்கதவையும்!" என்று டுவேனைப் பார்த்துக் கத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

ஓர்வில் படியின் அடியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தரை முழுக்க டப்பாக்கள், ஒவ்வொன்றின் கீழும் நம்பர் எழுதிய துண்டுக் காகிதம். முகம் சிவந்து கிடந்தது. மடியில் ஒரு பச்சை டப்பா. அவளைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சுருக்கினார்.

"திங்கக்கிழமை... ஆயிடுச்சா?"

"எழுந்திருங்க ஓர்வில்."

"இதுவரைக்கும் இருநூறுதான் இறக்கியிருக்கேன். தலை வலிச்சுது... கொஞ்சம் உட்கார்ந்தேன்."

"எழுந்திருங்க!"

அவர் எழவில்லை. கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். எண்பத்தைந்து கிலோ மனிதர். டப்பாக்கள் காலில் இடறி உருண்டு நாலா பக்கமும் ஓடின. "வரிசை, வரிசை" என்று அவர் குழறினார். அவள் மூச்சு முட்டி, வேறு வழியில்லாமல் அந்தக் காற்றையே ஒரு வாய் இழுத்தாள். பாதிப் படியில் டுவேன் வந்து மறுபக்கம் பிடித்தான். மூவரும் பின்வாசல் வழியாக வெளியே வந்து பனியில் விழுந்தார்கள்.

தீயணைப்பு வண்டி வந்தபோது வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஓர்வில்லை ஆம்புலன்ஸின் பின்படியில் உட்காரவைத்து, மூக்கில் ஆக்சிஜன் மூடியை மாட்டினார்கள். பத்து நிமிடத்தில் அவர் பேச்சு தெளிந்தது. தெளிந்ததும் முதல் காரியமாக மூடியைக் கீழே இழுத்துவிட்டு, தெருவில் கூடிய அண்டை வீட்டுக்காரர்களைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு இல்லைன்னா நான் இன்னிக்குப் பொணம். விருந்த விட்டுட்டு ஓடி வந்திருக்கா, பாத்துக்குங்க!"

அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி ஆர்லிஸின் தோளைத் தட்டினாள். தீயணைப்பு அதிகாரி, பேடும் பேனாவுமாக, அவளைப் பார்த்துத் தலையசைத்தார். "பழைய ஃபர்னஸ், பழைய புகைபோக்கி. நல்ல வேளை வந்தீங்க. காரணம்னு என்ன எழுதறது? புகைபோக்கி அடைப்பா?"

எல்லாம் அவளுக்குச் சாதகமாகக் கனிந்து நின்றது. "ஆமாம்" என்ற ஒரு வார்த்தை போதும். டுவேன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"புகைபோக்கி நல்லாத்தான் இருக்கு" என்றாள். "நான் பண்ணினது. போக்க அடைச்சுட்டு வரத்த அப்படியே விட்டேன். மாத்திச் செய்யக்கூடாதுன்னு தெரியும். கடைசில குச்சி கிழிச்சுப் பார்க்கணும், அதையும் பார்க்கல. மீன் விருந்துக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டேன்."

அதிகாரியின் பேனா நின்றது. தோளைத் தட்டிய கை மெதுவாக விலகியது.

ஓர்வில் அவளைப் பார்த்தார். சிவந்திருந்த முகத்தில் ஈயாடவில்லை.

"அலமாரிய நகர்த்தக்கூடாதுன்னு சொன்னது நான்தானே. மணிலேருந்து பேட்டரிய எடுத்ததும் நான்தான்."

"உங்களுக்குத் தெரியாது, ஓர்வில். எனக்குத் தெரியும்."

அவர் மூடியை மறுபடி மூக்கில் வைத்து நான்கைந்து தடவை இழுத்தார். வீட்டின் எல்லா ஜன்னல்களும் திறந்து கிடந்தன, திரைச்சீலைகள் வெளியே பறந்துகொண்டிருந்தன. ஆம்புலன்ஸ்காரர் அவரை உள்ளே படுக்கச் சொன்னார். அவர் எழுந்து, ஏறப் போனவர், திரும்பினார்.

"மிச்சத்த யார் அடைப்பா?"

"வேற நல்ல ஆளு ரெண்டு பேரு இருக்காங்க. நம்பர் தரேன்."

"எந்த ஓட்டை எங்க இருக்குன்னு அவனுங்க முதல்லேருந்து தேடுவானுங்களா? நீதான் வரணும். திங்கக்கிழமை, ஏழு மணிக்கு." குரலில் கோபம் இருந்தது, அதை அவர் மறைக்கவுமில்லை. "ஆனா ஒண்ணு. இனிமே என் வீட்டுல உன்னை நம்பித் தனியா விட மாட்டேன். நீ ஆணி தொட்டாலும் நான் பக்கத்துலயே நிப்பேன். காப்பிக்குக்கூட மேல போக மாட்டேன்."

வேலை நேரத்தில் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பது ஆர்லிஸுக்கு ஆகவே ஆகாது. நின்றவர்களைப் பதினோரு வருடமாக விரட்டியிருக்கிறாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"பக்கத்துலயே நில்லுங்க" என்றாள்.